பத்திரிகை வைப்பதற்கு முன்: கண்காட்சிக்குப் போகும் தொழில்காரருக்கு நிருபர், அனலிஸ்ட் அறிமுகம்

"மீடியா காண்டாக்ட் யாராவது இருக்காங்களா?"

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரரோ, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரரோ, இளம்பிள்ளையிலிருந்து சேலை அனுப்புபவரோ, ஏற்காட்டு எஸ்டேட்காரரோ, யாராவது வெளியூர்க் கண்காட்சியில் ஸ்டால் எடுத்துவிட்டால் கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது இந்தக் கேள்வி வரும். தெரிந்தவர் ஒருவர் முன்னூறு பெயர் கொண்ட எக்செல் கோப்பை வாட்ஸப்பில் தட்டிவிடுவார். முன்னூறு பேருக்கும் ஒரே மெயில் போகும். ஸ்டாலுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். "காசு கொடுத்தாத்தான் மீடியா வரும்" என்று சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்வார்கள்.

காசுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. 'காண்டாக்ட்' என்றால் தொலைபேசி எண் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. 'அனலிஸ்ட்' என்ற சொல்லுக்கு இதைவிட மோசமான கதி. அதைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேருக்கு டிவியில் பங்குச் சந்தை பேசுபவரின் முகம்தான் வரும். இரண்டையும் அடியிலிருந்து பார்ப்போம்.

தாம்பூலத் தட்டோடு போகும் பத்திரிகை

தமிழில் கல்யாண அழைப்பிதழும் பத்திரிகை, காலையில் வாசலில் விழுவதும் பத்திரிகை. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அந்த ஒற்றுமை வசதியாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு எப்படிப் பத்திரிகை வைக்கிறோம்? நெருங்கிய உறவுக்கு நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். அடுத்த வட்டத்துக்குத் தபால், அதற்கும் அடுத்ததற்கு வாட்ஸப். இருபது வருடம் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பத்திரிகையோடு போய் நின்றால் காபி கொடுப்பார்கள், கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். உறவு முதலில் இருக்கிறது, பத்திரிகை கடைசியில் வருகிறது. "எங்கள் ஸ்டாலுக்கு வாருங்கள்" என்று நிருபருக்குப் போகும் அழைப்பும் அப்படிக் கடைசியில் வரவேண்டிய ஒன்று. பெரும்பாலோர் அதையே முதல் கடிதமாக அனுப்புகிறார்கள்.

அப்படியானால் காண்டாக்ட் என்பது எது? உங்கள் பெயர் இன்பாக்ஸில் தெரிந்தவுடன், உங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயமாவது நினைவுக்கு வரும் ஆள். "வெளுக்காத ஜவ்வரிசி செய்கிறாரே, அவர்" என்ற அளவுக்கு இருந்தால் போதும். அவர் எண் உங்களிடம் இருப்பதைவிட, உங்களைப் பற்றிய அந்த ஒரு வரி அவரிடம் இருப்பதே முக்கியம்.

சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விற்றவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். லாரி நிறையக் கிழங்கு இருந்தாலும் ஆலைக்காரர் மாவுச்சத்தைப் பார்த்துப் பாயின்ட் கணக்கில்தான் விலை போடுவார். முன்னூறு பெயர்ப் பட்டியல் எடை உள்ள லோடு. அதில் எத்தனை பாயின்ட் தேறும் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் தேறினால் அதிசயம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: காண்டாக்ட் என்பது நினைவு. அழைப்பு அதற்குப் பிறகு வருவது.

தண்டோரா போடுபவரும் விசாரிக்கப்படுபவரும்

நிருபரையும் அனலிஸ்டையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே மெயில் அனுப்புவது இரண்டாவது பெரிய தவறு. இரண்டு பேரும் வேறு வேறு பிழைப்பு.

நிருபர் ஊருக்கு அறிவிப்பவர். இன்றைக்கு என்ன புதுசு, அது யாரைப் பாதிக்கும் என்பது அவர் கேள்வி. செய்தி வெளியானதும் அவர் வேலை முடிகிறது. நாளைக்கு வேறு செய்தி.

அனலிஸ்டைப் புரிந்துகொள்ள வரன் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அந்தத் தெருவில் பல வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் போய் விசாரிப்போம். அவர் யாருக்கும் தண்டோரா போடுவதில்லை. ஆனால் அவர் "நல்ல குடும்பம்தான்" என்று இழுத்துச் சொன்னாலும் வரன் தட்டிப்போகும், "தாராளமாகக் கொடுக்கலாம்" என்று சொன்னாலும் காரியம் முடியும். அனலிஸ்ட் என்பவர் ஒரு துறையின் மளிகைக் கடைக்காரர். பல நிறுவனங்களைப் பல வருடம் ஒப்பிட்டுப் பார்த்து, வாங்குபவர்களும் முதலீட்டாளர்களும் கேட்கும்போது கருத்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குபவர்.

இதை ஒரு தனித் தொழிலாக வளர்த்ததில் கம்ப்யூட்டர் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. அத்துறை ஆய்வு நிறுவனங்களில் ஐடிசி 1964-ல் தொடங்கியது, கார்ட்னர் 1979-ல், ஃபாரஸ்டர் 1983-ல். உணவு, நுகர்பொருள் பக்கம் மின்டெல், யூரோமானிட்டர் போன்றவை இருக்கின்றன. இரண்டும் லண்டனில் 1972-ல் பிறந்தவை. இங்கே கடன் தரம் பார்க்கும் கிரிசில் 1987-லிருந்து இருக்கிறது, அது தொழில்துறை ஆய்வும் வெளியிடுகிறது.

பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். ஜவ்வரிசிக்காரருக்கு உண்மையில் பயன்படும் அனலிஸ்ட் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு, ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் விளைபொருட்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது; மரவள்ளியும் அதில் வரும். திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இயங்குகிறது. நம் மாவட்டத்திலேயே ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவர்கள் யாரும் விசிட்டிங் கார்டில் 'அனலிஸ்ட்' என்று போட்டுக்கொள்வதில்லை. ஆனால் மரவள்ளியைப் பற்றி எழுத உட்காரும் நிருபர் போன் போடுவது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே இவர்களை நிருபர்களுக்கு முன்பே சந்திப்பது நல்லது.

சுருக்கமாக: நிருபருக்குப் புதுசு வேண்டும், அனலிஸ்டுக்கு ஒப்பிடக் கணக்கு வேண்டும். ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்கு அனுப்பினால் இருவருமே மெயிலை மூடிவிடுவார்கள்.

நிருபர் மேஜையில் நடப்பது

நாளிதழ் நிருபருக்கு 'பீட்' என்று ஒன்று உண்டு. அவர் பொறுப்பில் இருக்கும் துறை அல்லது பகுதி என்று பொருள். ஒருவருக்குக் காவல்துறை, ஒருவருக்கு மாநகராட்சி, ஒருவருக்கு வேளாண்மை. சிறிய பதிப்புகளில் ஒருவரே நான்கு பீட் பார்ப்பார். பீட் தெரியாமல் அனுப்பிய மெயில், ஜவுளிக் கடையில் உர மூட்டை இறக்கிய மாதிரி.

காலையில் இன்றைக்கு என்ன எழுதப்போகிறோம் என்று அலுவலகத்தில் சொல்லவேண்டும். மாலையில் எழுதி முடிக்கவேண்டும். ஆகவே முற்பகல் பதினொன்றுக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்குள் போன் செய்வது பொதுவாகச் சரியான நேரம். ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டு "சார், ஸ்டால் பத்தி ஒரு நியூஸ்" என்றால், அவர் மரியாதைக்காக "அனுப்புங்க" என்று சொல்வார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் 'போனை வைங்க'.

அவர் மேலே உள்ளவரிடம் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்றே: "இதை ஏன் இப்போ போடணும்?" கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருப்பது இதற்குப் பதிலாகாது, அதே அரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிலை நீங்கள் தயாரித்துக் கொடுத்தால் அவர் பாதி வேலையைக் குறைத்தவர் ஆகிறீர்கள்.

இங்கே மூன்று வட்டம் இருக்கிறது. சேலம் பதிப்பின் மாவட்ட நிருபருக்கு "நம்ம ஊர் ஆலை டெல்லிக்குப் போகிறது" என்பதே செய்தி. சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் வணிக நிருபருக்கு ஊர் முக்கியமில்லை, சந்தை முக்கியம். மூன்றாவது, தொழில் மாத இதழ்: உணவுப் பதப்படுத்தல், ஜவுளி, நகை என்று ஒரு துறைக்காகவே வருவது. பொதுமக்கள் இதன் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் உங்களிடம் வாங்கப்போகிறவர்கள் படிப்பது இதைத்தான். முகத்தைப் பெரிய நாளிதழில் பார்க்க ஆசைப்பட்டு இந்த மூன்றாவது வட்டத்தை விட்டுவிடுவது எல்லாத் தொழிலிலும் நடக்கிறது.

இருபத்தைந்து பெயர் போதும்

ஒரு சிறு நிறுவனத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் யாரையும் நினைவில் வைத்துப் பேச முடியாது. பதினைந்து நிருபர்கள், ஐந்து மாத இதழ் ஆசிரியர்கள், ஐந்து அனலிஸ்டுகள் என்று தொடங்குங்கள்.

பெயர்களை எங்கே எடுப்பது? விலைக்கு விற்கும் பட்டியலில் எடுக்காதீர்கள். வேலை மாறியவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். உங்கள் பொருளின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுக் கடந்த ஆறு மாதச் செய்திகளைத் தேடுங்கள். மரவள்ளி, ஜவ்வரிசி, ஸ்டார்ச், உபவாச உணவு என்று நாலைந்து சொல்லாகப் போட்டுப் பார்க்கவேண்டும். மேலே யார் பெயர் இருக்கிறது, உள்ளே யாரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று இரண்டையும் குறியுங்கள். முதலாவது உங்கள் நிருபர் பட்டியல். இரண்டாவது பெரும்பாலும் உங்கள் அனலிஸ்ட் பட்டியல். சென்ற வருடம் அதே கண்காட்சியைப் பற்றி வந்த செய்திகளையும் இப்படிப் பாருங்கள். அங்கே நடந்து களைத்தவர் இந்த வருடமும் வர வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. பெயர், இதழ், பீட், கடைசியாக அவர் எழுதிய தொடர்புள்ள செய்தி, எந்த வழியில் பேசினால் பதில் வருகிறது, கடைசியாகப் பேசிய தேதி, அவர் கேட்டது என்ன, நாம் கொடுத்தோமா. கடைசி இரண்டு கட்டம்தான் உயிர். "ஜனவரி 6: கிழங்கு வரத்து பற்றிக் கேட்டார், மறுநாள் சொன்னோம்" என்று ஒரு வரி இருந்தால் அந்த ஆள் உங்கள் காண்டாக்ட். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அவர் இன்னும் வெறும் எண்தான்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கணக்கைப் பிடித்துக் காட்ட ஓர் உதாரண ஆலையை வைத்துக்கொள்வோம். ஆத்தூர் அருகே இருக்கிறது. இத்தனை நாள் மூட்டையாக மகாராஷ்டிராவுக்கும் குஜராத்துக்கும் அனுப்பியது. இப்போது முதல் முறையாக வெளுப்புப் பொருள் சேர்க்காத ஜவ்வரிசியை அரைக் கிலோ பாக்கெட்டில் தன் பெயரிலேயே விற்கப்போகிறது. மார்ச் மாதம் டெல்லி பாரத் மண்டபத்தில் நடக்கும் ஆஹார் உணவுக் கண்காட்சியில் ஸ்டால்.

மார்ச் இரண்டாம் வாரம் கண்காட்சி என்றால் பன்னிரண்டு வாரம் பின்னால் போனால் டிசம்பர் மூன்றாம் வாரம். அப்போதே சொல்லவேண்டிய ஒரு வரியை முடிவுசெய்து, மேலே சொன்ன பட்டியலையும் முடித்திருக்கவேண்டும். முதல் கடிதம் போகும் இடம் தொழில் மாத இதழ்கள். ஏனென்றால் மார்ச் இதழின் பக்கங்கள் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ நிரம்பிவிடும். பிப்ரவரி 20-ல் அவர்களுக்கு எழுதினால் ஏப்ரல் இதழில் போடுவார்கள், நீங்கள் ஸ்டாலைப் பிரித்துக் கட்டிவிட்ட பிறகு.

ஜனவரி நடுவில் பொங்கல் வாரம் செத்த வாரம். பிறகு பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட். அதற்கு முந்தின வாரமும் பிந்தின மூன்று நாளும் வணிக நிருபரிடம் ஜவ்வரிசி எடுபடாது. ஆக, நிருபர்களோடு பழகக் கிடைப்பது ஜனவரி முதல் பத்து நாளும் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்தும்தான். அனலிஸ்டுகளின் நாட்குறிப்பு மூன்று நான்கு வாரம் முன்பே நிரம்பும். ஜனவரியில் கேட்டால் பிப்ரவரியில் நேரம் கிடைக்கும்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கண்காட்சி ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பதிவுசெய்த ஊடகப் பட்டியலை ஸ்டால் எடுத்தவர்களுக்குத் தருவார்களா, ப்ரெஸ் ரூமில் உங்கள் குறிப்பை வைக்கலாமா, எந்த இதழ்கள் அந்தக் கண்காட்சிக்கு ஊடகக் கூட்டாளிகள். தானாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கடைசி வாரத்தில் புதிதாக யாரையும் பிடிக்க முயலவேண்டாம். பழகியவர்களுக்கு ஸ்டால் எண், நேரம், அங்கே நிற்கப்போகிறவரின் பெயர் மூன்றையும் ஒரே வரியில் அனுப்பினால் போதும்.

முதல் கடிதம்

நிருபருக்கு ஒரு விஷயத்தை எழுதத் தகுந்தது என்று எடுத்துச் சொல்லும் சிறு கடிதத்துக்குப் 'பிட்ச்' என்று பெயர். 'செய்திக்குறிப்பு' வேறு, அது நீங்களே செய்தி வடிவில் எழுதி எல்லோருக்கும் கொடுக்கும் தாள். பிட்ச் ஒருவருக்கு மட்டும் எழுதுவது. நம் உதாரண ஆலை ஜனவரி முதல் வாரத்தில் இப்படி எழுதலாம்.

பொருள்: வெள்ளையாக இல்லாத சேலம் ஜவ்வரிசி, மார்ச்சில் முதல் முறை சில்லறையில்

"வணக்கம். மரவள்ளி விலை சரிவைப் பற்றி நவம்பரில் நீங்கள் எழுதியதைப் படித்தோம். வெண்மையாக இருந்தால்தான் வியாபாரி நல்ல விலை சொல்கிறார் என்று அதில் வந்த பகுதி எங்கள் அன்றாடப் பாடு. ஆத்தூர் அருகே ஜவ்வரிசி தயாரிக்கிறோம். இந்த சீசனில் வெளுப்புப் பொருள் எதுவும் சேர்க்காமல் அரைக் கிலோ பாக்கெட் போடுகிறோம். நிறம் லேசாக மங்கலாக இருக்கும். இப்போதைக்குச் செய்தி எதுவும் வேண்டாம். வெளுத்ததையும் வெளுக்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு சிறு பொட்டலம் அனுப்பலாமா? ஆய்வக அறிக்கையும் சேர்த்து வரும். கிழங்கு வரத்து, ஆலை விலை பற்றி எப்போது சந்தேகம் வந்தாலும் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்."

இதில் வேலை செய்வது எது என்று கவனியுங்கள். அவர் எழுதியதை உண்மையிலேயே படித்த அடையாளம் இருக்கிறது. "உலகத் தரம்", "முன்னணி நிறுவனம்" எதுவும் இல்லை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. எல்லாவற்றையும்விடக் கடைசி வரி. மரவள்ளியைப் பற்றி எழுதுகிறவருக்கு, ஆலையில் நின்று "இன்னைக்கு இவ்வளவு லோடு வந்துச்சு, பாயின்ட்டுக்கு இவ்வளவு போட்டோம்" என்று சொல்ல ஓர் ஆள் எப்போதும் வேண்டும். உங்கள் ஸ்டாலோடு சம்பந்தமில்லாத அந்தக் கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லிவிட்டால், மார்ச்சில் நீங்கள் போடும் போனை அவர் எடுப்பார்.

நான்கு நாள் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதுவும் புதிதாக ஒரு விவரத்தோடு. "மெயில் பாத்தீங்களா சார்" என்று மட்டும் கேட்பதற்குப் போன் செய்யவேண்டாம். கூப்பிடும் விதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சேலத்து நிருபரை இரண்டாம் பேச்சிலேயே "அண்ணா" என்றால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள், டெல்லி ஆங்கில நிருபரிடம் அந்த நெருக்கத்தை அவர் தொடங்கும்வரை காத்திருப்பது நல்லது.

இனி, பல நல்ல கடிதங்களைக் கவிழ்க்கும் சில்லறைக் கோளாறுகள். தமிழில் குறிப்பு அனுப்பினால் யூனிகோடில், மெயிலுக்குள்ளேயே எழுதுங்கள். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்தால் எழுத்தெல்லாம் உதிர்ந்து குப்பையாக வரும். உட்கார்ந்து திரும்ப அடிக்க நிருபருக்கு நேரம் கிடையாது. படம் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும்; பத்து சென்டிமீட்டர் அகலத்தில் போட ஏறத்தாழ 1200 பிக்சல். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பவேண்டும். ரிப்பன் வெட்டும் படம் வேண்டாம். உலர்களத்தில் ஜவ்வரிசி காயும் படம் கொடுங்கள். இன்னொன்று, இருபத்தைந்து பேரையும் 'சிசி'யில் போட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற இருபத்துநான்கு பேர் தெரிவார்கள். தனக்கென்று எழுதியது என்ற மயக்கம் அங்கேயே கலைந்தது.

முன்கூட்டிச் சொல்வதும் அதன் ஆபத்தும்

கண்காட்சியன்று வெளியாகவேண்டிய செய்தியை ஒரு வாரம் முன்பே நிருபரிடம் கொடுத்து, "மார்ச் இந்தத் தேதி காலை பத்து மணிக்கு முன் போடவேண்டாம்" என்று கேட்டுக்கொள்வதற்கு 'எம்பார்கோ' என்று பெயர். நிதானமாக விசாரித்து எழுத அவருக்கு நேரம் கிடைக்கிறது. இதற்குச் சட்ட பலம் கிடையாது. இது வாய்ச்சொல் ஒப்பந்தம். அதனால் வரிசை முக்கியம். முதலில் "எம்பார்கோவில் ஒரு விவரம் தரலாமா" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே அனுப்பவேண்டும். அவர் கேட்காமலே மெயிலை அனுப்பி, மேலே எம்பார்கோ என்று போட்டிருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. நன்றாகப் பழகிய நாலைந்து பேரைத் தாண்டி இதைக் கொடுக்கவேண்டாம்.

புதிய இயந்திரமோ செய்முறையோ கண்டுபிடித்து வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்கவேண்டிய இடம் இது. காப்புரிமை விண்ணப்பம் போடுவதற்கு முன் விவரம் வெளியானால் 'புதுமை' போய்விடும், பிறகு காப்புரிமை கிடைப்பது சிரமம். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ம் பிரிவு, கண்காட்சியில் காட்டியவர்களுக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறதுதான். ஆனால் மத்திய அரசு அதற்கென்று அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். உங்கள் கண்காட்சி அதில் இருக்கும் என்று நம்பி இறங்கவேண்டாம். முதலில் விண்ணப்பம், பிறகு நிருபர்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் இன்னொரு வேலி உண்டு. விலையைப் பாதிக்கக்கூடிய வெளிவராத தகவலை ஓர் அனலிஸ்டிடம் மட்டும் தனியாகச் சொல்வது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளுக்கு விரோதம். கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்காமல் எந்த எண்ணையும் வாய்விடக் கூடாது.

அனலிஸ்டோடு அரை மணி நேரம்

அனலிஸ்டிடம் உங்கள் நிறுவனத்தைப் பற்றி எடுத்துச் சொல்லும் சந்திப்பு 'ப்ரீஃபிங்'. அவரிடம் நீங்கள் ஆலோசனை கேட்கும் சந்திப்பு 'இன்க்வயரி'. பெரிய ஆய்வு நிறுவனங்களில் ப்ரீஃபிங் இலவசம். கார்ட்னரில் வாடிக்கையாளராக இல்லாதவரும் கேட்கலாம். இன்க்வயரிக்குத்தான் கட்டணம். இந்த வித்தியாசம் தெரியாமல் "பணம் கட்டினால்தான் அனலிஸ்ட் பேசுவார்" என்று ஒதுங்குபவர்களும் உண்டு, இலவசச் சந்திப்பில் போய் "எங்க புராடக்ட் எப்படி இருக்குங்க?" என்று கேட்டுச் சங்கடப்படுபவர்களும் உண்டு. ப்ரீஃபிங்கில் அவர் கருத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. கேட்டுக்கொள்வார், குறித்துக்கொள்வார்.

முப்பது நிமிடம் கொடுத்தால் நீங்கள் இருபதுக்கு மேல் பேசாதீர்கள். முதல் ஐந்து நிமிடம்: என்ன செய்கிறீர்கள், எந்த அளவில், எந்த மாநிலங்களுக்கு. அடுத்த பதினைந்தும் சந்தையைப் பற்றியே இருக்கட்டும். சில்லறைப் பாக்கெட்டுக்கும் மூட்டைக்கும் விலை வித்தியாசம், வாங்குபவர் நிறத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார், மக்காச்சோள ஸ்டார்ச் விலை இறங்கினால் உங்கள் வியாபாரம் எப்படி அசைகிறது. இந்தக் கணக்கு அவருக்கு வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. மீதிப் பத்து நிமிடத்தை அவர் கேள்விகளுக்கு விடுங்கள். நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "இந்தச் சந்தையை உங்கள் கணக்கில் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்?" அவர் பிரிவுகளின் பெயரைச் சொல்லும்போதே நீங்கள் எந்தப் பெட்டியில் விழுகிறீர்கள், யாரோடு ஒப்பிடப்படுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சந்தித்த மறுநாளே, பேசிய எண்களை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். "தோராயமாக", "நிறைய" என்ற சொற்கள் அதில் இருந்தால் அந்த வரி அவர் கோப்பில் ஏறாது.

இதுவரை: பிட்ச் நிருபருக்கு, ப்ரீஃபிங் அனலிஸ்டுக்கு. எம்பார்கோ பழகியவருக்கு மட்டும்.

கட்டாயம் வரும் கேள்வி

ஒவ்வொரு தொழிலிலும் வெளியார் கேட்கக் கூடாது என்று நாம் நினைக்கும் ஒரு கேள்வி இருக்கும். நிருபர் அதைத்தான் முதலில் கேட்பார். சேலத்து ஜவ்வரிசிக்கு அது: "வெள்ளையாக்க என்ன போடுறீங்க? மக்காச்சோள மாவு கலக்கிறீங்களா?" கலப்படப் புகாரும் சோதனையும் செய்தியில் வந்த துறை இது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி குறையவில்லை, கூடத்தான் செய்யும். பெயருக்கு மதிப்பு வந்தால் போலியைப் பற்றிய பேச்சும் வரும்.

"அதெல்லாம் சிலர் பண்றது சார்" என்று நழுவுவது மிகத் தப்பான பதில். அடுத்த நாள் தலைப்பே அதுவாக இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சமீபத்திய அறிக்கை, எந்த லாட் என்ற எண்ணோடு, கையில் இருக்கவேண்டும். யார் பதில் சொல்வது என்பதும் முன்பே முடிவாகவேண்டும். ஸ்டாலில் நிற்கும் விற்பனைப் பையனிடம் கேட்டால், "ஆலையில் தயாரிப்பைப் பார்ப்பவர் இதோ" என்று ஒருவரைக் காட்டும் அளவுக்கு அவரைப் பழக்கினால் போதும்.

'ஆஃப் தி ரெகார்ட்' என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். வெளியிடாமல் தெரிந்துகொள்வதற்காக மட்டும் சொல்வது என்று அர்த்தம். எம்பார்கோ போலவே இதையும் பேசுவதற்கு முன் கேட்டு ஒப்புக்கொள்ளவேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு "இதைப் போட்டுடாதீங்க" என்பது பலிக்காது. பழகாத ஆளிடம் இந்த வழியே வேண்டாம்.

மலைக்குக் கூட்டிப் போவதானால்

காபிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அவர்கள் இடமே பேசும். சேர்வராயன் மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை அரபிகா பழம் பறிக்கும் நாட்களில், பெங்களூரிலிருந்து ஓர் உணவு எழுத்தாளர் வந்து மிளகுக்கொடி ஏறிய மரநிழலில் ஒரு மணி நேரம் நின்றால், பிறகு கண்காட்சியில் நீங்கள் காட்டும் கோப்பைக்கு அவரிடம் ஒரு முகம் இருக்கும். ஆனால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. காலையில் பெங்களூரில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டாதீர்கள். ஒரு நாள் முழுதும் ஆகும், தலைசுற்றலும் சேரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மே மாதக் கோடை விழா நெரிசலில் அழைக்கவே வேண்டாம். அப்போது செடியில் பழமும் இருக்காது. இரண்டு பேரை ஒன்றாகக் கூப்பிட்டால் இருவரிடமும் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். தனக்கு மட்டும் என்று நினைத்து வந்தவர் போட்டி இதழ்க்காரரை வாசலில் பார்ப்பது நல்ல தொடக்கம் இல்லை.

கவரைப் பற்றி

கடைசியாக, எல்லோரும் மெல்லிய குரலில் கேட்கும் விஷயம். நிருபருக்குக் கவர் கொடுக்கலாமா? வேண்டாம். பணத்துக்குச் செய்தி போடுவதைப் பிரெஸ் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை நெறிகள் ஏற்பதில்லை, நல்ல இதழ்கள் தங்கள் ஆட்களை இதற்காக வேலையை விட்டே எடுக்கும். நடைமுறையிலும் நஷ்டம்: கவர் வாங்கியவர் எழுதுவது நாலு வரி, அதை நம்பிப் படிப்பவர் யாருமில்லை. அரைக் கிலோ ஜவ்வரிசியோ நூறு கிராம் காபித் தூளோ பார்த்துச் சுவைக்கக் கொடுப்பது சாம்பிள். வெள்ளிக் கொலுசு சாம்பிள் இல்லை. பட்டறைக்காரர்கள் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதே இருவருக்கும் கௌரவம்.

விளம்பரம் கொடுத்தால் செய்தி போடுகிறோம் என்று விளம்பரப் பிரிவிலிருந்து போன் வந்தால், அது விளம்பரம்தான் என்று தெரிந்தே விலை பேசுங்கள். செய்தி மாதிரி எழுதிய விளம்பரத்துக்கு 'அட்வர்ட்டோரியல்' என்று பெயர், ஓரத்தில் சின்ன எழுத்தில் அப்படிப் போட்டிருப்பார்கள். அதை வாங்குவதில் தப்பில்லை. அந்த விளம்பர மேலாளரின் எண்ணை நிருபர் பட்டியலில் ஏற்றிக்கொள்வதுதான் தப்பு.

கண்காட்சி முடிந்து ரயில் ஏறும்போது அந்த இருபத்தைந்து வரிசையையும் மறுபடி திறங்கள். ஸ்டாலுக்கு வராத நிருபர் ஒருவர் ஜனவரியில் கிழங்கு வரத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். மார்ச்சில் சீசன் முடியும் தறுவாயில் ஆலைக்கு எத்தனை லோடு வந்தது, பாயின்ட் விலை எங்கே நிற்கிறது என்று இரண்டு வரி அவருக்கு அனுப்பிவிட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.